ஒரே இரவில் 3 கர்ப்பிணிகள் சாவு... தூக்கத்தைத் தொலைத்த பெண் கட்டிய வேலூர் ஆஸ்பத்திரி!

காஞ்சீபுரத்தில் ஒரு வீட்டில் பெரிய நோய் என்று வந்து விட்டால் முதலில் எழும் பேச்சு, வேலூருக்குப் போகலாமா என்பது தான். பட்டுத்தறியை 2 நாள் நிறுத்திப் போட்டு விட்டு, பழைய சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்துக் கொண்டு விடியற்காலை பஸ் பிடிக்கும் நெசவாளர் குடும்பங்கள் எத்தனையோ. சுமார் 70 கி.மீ. தூரம். போய் இறங்கி சி.எம்.சி. வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

இந்த ஆஸ்பத்திரி ஆரம்பித்தது ஒரே ஒரு கட்டிலில். ஆரம்பித்தவர் ஒரு பெண். அதுவும், இந்த ஊரே வேண்டாம் சாமி என்று அமெரிக்காவுக்குக் கிளம்ப நினைத்த பெண்! அவர் தான் டாக்டர் ஐடா ஸ்கடர்.

ராணிப்பேட்டையில் பிறந்தவர்

வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தாலும் ஐடா நம்ம பக்கத்து ஊர்க்காரர். 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி, வீட்டில் ஒரே பெண் பிள்ளை.

தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் டாக்டர் தொழில் பார்த்தவர். நல்ல வருமானத்தை விட்டு விட்டு 1819-ல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னைப் பக்கத்திலும் மருந்து ஒரு கையில், பைபிள் ஒரு கையில் என்று வாழ்ந்தவர். அவருடைய மகன்கள் 7 பேரும் மிஷனரி வேலைக்கே வந்தனர். ஐடாவின் அப்பாவும் டாக்டர் தான்.

சின்ன வயதில் ஐடா பார்த்தது 1876-78 பஞ்சம். நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அதே தான். பசியில் கை தூக்கக் கூட தெம்பில்லாத குழந்தைகளின் வாயில் அந்தச் சிறுமி உணவை ஊட்டி விட்டாள். அந்தக் காட்சி மனதில் அப்படியே நின்று விட்டது. பிறகு குடும்பத்தோடு அமெரிக்கா போய் படித்தவருக்கு, திரும்பி வரும் ஆசையே இல்லை. பஞ்சமும் வெயிலும் சாவும் இருக்கிற ஊர், யாருக்கு வேண்டும்?

கதவைத் தட்டிய 3 பேர்

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, வேறு வழியில்லாமல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்து விட்டுத் திரும்பிப் போய் விடுவது என்பது தான் திட்டம்.

அப்போது ஒரு இரவு. பிராமணர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். இளம் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி விட்டது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று ஐடாவிடம் கெஞ்சினார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா தான் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆனால் ஆம்பளை டாக்டர் வந்து பெண்ணைத் தொடுவதா, அது நடக்காது என்று அவர் போய் விட்டார்.

சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே கதை, அதே பதில். பிறகு வேறு சாதியைச் சேர்ந்த இன்னொரு இந்து. அவருக்கும் அதே கதை தான். மூன்று பேருக்கும் மதமும் சாதியும் வேறு. ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்பதில் மட்டும் மூவரும் ஒன்று!

அன்று இரவு ஐடா தூங்கவில்லை. ஜெபம் செய்து கொண்டும் அழுது கொண்டும் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். காலையில் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தால்... 3 பெண்களுமே இறந்து விட்டனர்.

அவர்களை நோய் கொன்றதா, பழக்க வழக்கம் கொன்றதா? ஒரே ஒரு பெண் டாக்டர் அந்த ஊரில் இருந்திருந்தால் ஒருத்தியாவது பிழைத்திருப்பாள். அப்பா அம்மாவிடம் போய், அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், திரும்பி இங்கே தான் வருவேன் என்று சொல்லி விட்டார் ஐடா.

சமையல்காரர் மனைவி தான் நர்ஸ்

1899-ல் நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். கிளம்பும் முன் ஆஸ்பத்திரி கட்டப் பணம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ஷெல் என்ற வங்கி அதிபர், மறைந்த தன் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலரைத் தூக்கிக் கொடுத்தார்.

1900-ம் ஆண்டு தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களில் அப்பா இறந்து போனார். கூட இருந்து தொழில் சொல்லித் தர ஆளில்லை. வீட்டிலேயே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியம் ஆரம்பம். உதவிக்கு நர்ஸ் கிடையாது. வீட்டுச் சமையல்காரரின் மனைவி சலோமி தான் கூட நின்றார். அவருக்கே வேலை சொல்லிக் கொடுத்து, ஆபரேஷனுக்குக் கூட கை கொடுக்க வைத்தார் ஐடா.

ஆரம்பத்தில் ஜனங்கள் நம்பி வரவில்லை. ஒருத்தருக்குக் குணமாகி, அவர் தெருவில் போய்ச் சொல்லி, அப்புறம் தான் கூட்டம் சேர்ந்தது. முதல் 2 வருடங்களில் சுமார் 5 ஆயிரம் பேரைப் பார்த்தார். 1902-ல் 40 படுக்கையுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பணம் கொடுத்தவரின் மனைவி பெயர் அது.

குடியாத்தம் சாலையில்...

ஆஸ்பத்திரிக்கு நடந்து வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? 1906-ல் மாட்டு வண்டியைக் கட்டிக் கொண்டு குடியாத்தம் சாலையில் கிளம்பினார். குடியாத்தமும் காஞ்சீபுரம் மாதிரி தறிச் சத்தம் கேட்கும் ஊர் தான். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாத ஜனங்கள். அவர்கள் டவுனுக்கு வர மாட்டார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

வழியில் மர நிழலில் வண்டி நிற்கும். மருந்துப் பெட்டி இறங்கும். ஆறாத புண், கண் நோய், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரிசையாக வருவார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் வண்டி திரும்ப நிற்கும். பிறகு பியூஜோ கார் வந்தது. தானாக ஓடும் வண்டியைப் பார்த்து பேய், பிசாசு என்று ஜனங்கள் ஓட்டம் பிடித்ததாகச் சொல்வார்கள். பழகிய பின் அதே வண்டிக்காகக் காத்துக் கிடந்தார்கள்!

மிஷனரிகள் மதம் பரப்பத் தானே வந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஐடா அதை மறைத்ததே இல்லை. ஜெபம் பண்ணி விட்டுத் தான் கத்தியைக் கையில் எடுப்பார். ஆனால் அந்த மர நிழலில் என்ன சாதி, எந்த மதம் என்று பார்த்து மருந்து கொடுக்கவில்லை.

14 பேரும் பாஸ்

தான் ஒருத்தி மட்டும் ஓடினால் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? நம் ஊர்ப் பெண்களையே டாக்டராக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1909-ல் நர்சுகளுக்குப் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் யார் படிக்க வரப் போகிறார்கள் என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டனர். வந்த மனுக்களோ 151! அதில் 17 பேரைச் சேர்த்தார். புத்தகமும் குறைவு, சொல்லித் தர ஆளும் குறைவு. முதல் வருடத் தேர்வில் சென்னை மாகாணத்தில் எழுதிய ஆண்களில் 5 பேருக்கு ஒருவர் தான் தேறினார். வேலூரில் இருந்து போன பெண்கள் 14 பேரும் பாஸ்!

1930-களின் கடைசியில் பெரிய சோதனை வந்தது. டிப்ளமா படிப்பு இனி கூடாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு தான் என்றது அரசு. அதற்கு ஏராளமான பணமும் பேராசிரியர்களும் வேண்டும். 70 வயதில் மறுபடியும் அமெரிக்கா போய் ஊர் ஊராகக் கையேந்தினார். இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த காலம் அது. 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு வழி பிறந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கென்று தொடங்கியதில் ஆண்களைச் சேர்ப்பதா என்று ஐடாவின் நெருங்கிய தோழிகள் சிலரே கோபித்துக் கொண்டார்கள். வாசலை மூடுவதை விட இது மேல் என்று அவர் இருந்து விட்டார்.

டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் வேலூருக்குச் சரியாக வந்து சேர்ந்ததாம்.

கல்யாணம் செய்து கொள்ளாத ஐடா, ஓய்வு பெற்ற பின் கொடைக்கானலில் தங்கினார். 1960-ம் ஆண்டு மே 24-ந்தேதி அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 89. அவர் கட்டில் போட்ட 100-வது வருடமான 2000-ல் மத்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

சி.எம்.சி.யின் புதிய பெரிய வளாகம் 2022-ல் திறக்கப்பட்டது. இடம், அவர் பிறந்த ராணிப்பேட்டை. காஞ்சீபுரத்தில் இருந்து போகிறவர்களுக்கு வேலூருக்கு முன்னாலேயே வந்து விடும்.