திருக்குறுங்குடி முதல் ஓசூர் வரை

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். வழக்குரைஞர் தொழில், இரயில்வே பணி, வங்கிப் பணி என அக்காலத்தார் பெரிதும் விரும்பிய வேலைகள் அவருக்கு வாய்த்தன. அவற்றைத் துறந்து 1911இல் மதுரையில் தம் பெயரால் நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டே பேருந்து ஓட்டினார். சாலைகளில் மாட்டுவண்டிகளே நிறைந்திருந்த காலம் அது. காளைகளின் குளம்பிலிருந்து உதிர்ந்த இலாட ஆணிகள் பேருந்தின் டயர்களைப் பதம்பார்த்தன. பிறர் சாலையை நொந்துகொண்டிருக்க, அவரோ காந்தம் பொருத்திய வண்டியை ஓடவிட்டு ஆணிகளை அகற்றச் செய்தார் என்பர். பயணி விலை கொடுத்து வாங்குவது இருக்கையை அன்று, குறித்த நேரத்தில் ஊர்சேரும் உறுதியையே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் பெட்ரோல் அரிதாயிற்று, வண்டிகள் முடங்கின. மரக்கரியிலிருந்து பெறும் வாயுவால் எந்திரத்தை இயக்கும் கலனை அவரது நிறுவனம் வடிவமைத்து விற்றது. கரியள்ளிப் போடுவது தொல்லைதான்; ஆயினும் சக்கரங்கள் சுழன்றன.

1955இல் அவர் கொடைக்கானலில் மறைந்தார். வண்டிகளுக்கான தடைக்கருவிகளைச் செய்ய, அவர் மகன் டி.எஸ். சீனிவாசன் 1962இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மொபெட் பிரிவு, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் அமைந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க நாட்டின் முதல் மொபெட்டான டி.வி.எஸ். 50, 1980இல் அங்கிருந்து வெளிவந்தது. பேருந்து நுழையாத சிற்றூர்ப் பாதைகளில் பால் கேன்களையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்து அது ஓடியது.