தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான்

தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் (ஜூலை 22, 1904 – மார்ச் 31, 1965) தமிழ் எழுத்தாளர், சொற்பொழிவாளர், கலை ஆர்வலர் ஆவார். தமிழகத்தின் கோயில் நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் ஒவ்வொன்றாகச் சென்று, நிதானமாகக் கண்டு, அவற்றைப் பற்றி 'வேங்கடம் முதல் குமரி வரை' என்னும் பல பகுதிகள் கொண்ட நூல் வரிசையை எழுதினார். தஞ்சாவூர் கலைக்கூடம் 1951-ல் உருவாக முன்னின்று உழைத்தவர்.

இளமை

திருநெல்வேலியில் முத்தையாத் தொண்டைமான், முத்தம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். எழுத்தாளர் தொ. மு. சி. ரகுநாதன் (1923–2001) இவருடைய தம்பி. ஒரே வீட்டில் பிறந்தும் இருவர் போக்கும் வேறு. அண்ணன் கோயிலையும் கம்பனையும் பற்றிக்கொண்டார்; தம்பி பொதுவுடைமைச் சார்புடன், கைத்தறி நெசவாளர் வாழ்வைப் 'பஞ்சும் பசியும்' (1953) என்ற நாவலாக்கினார்.

பாஸ்கரத் தொண்டைமான் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்றார். மாணவப் பருவத்திலேயே கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். ஆற்றுக்கு அப்பால் வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கிய வட்டமே இவருக்கு இன்னொரு கல்லூரியாக அமைந்தது. ஒரு பாடலை விரைந்து படித்து முடிக்காமல், சொல் சொல்லாக நின்று சுவைப்பது அவ்வட்டத்தின் வழக்கம். பிற்காலத்தில் இவர் சிற்பங்களைப் பார்த்த முறையிலும் அதே நிதானத்தைக் காணலாம்.

அரசுப்பணியும் பயணமும்

கல்லூரிப் படிப்புக்குப் பின் அரசுப்பணியில் சேர்ந்து, வருவாய்த்துறையில் படிப்படியாக உயர்ந்தார். இந்திய ஆட்சிப்பணி அலுவலராகி, 1959-ல் ஓய்வு பெற்றார். வருவாய்த்துறை அலுவலர் ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் அல்லர். ஜமாபந்தி, நிலத் தணிக்கை, விசாரணை என்று ஊர் ஊராக முகாமிட வேண்டும். பிறர் சலிப்புடன் கழிக்கும் இம்முகாம்கள் இவருக்கு வாய்ப்பாயின. பெரிய கோயில்களோடு, பெருஞ்சாலையிலிருந்து விலகிக் கிடந்த பாழடைந்த கோயில்களையும் இவர் தேடிச் சென்றார்.

தஞ்சாவூர் கலைக்கூடம்

இப்பயணங்களின் பயன் தஞ்சாவூரில் வெளிப்பட்டது. சோழநாட்டுச் சிற்றூர்களில் உடைந்த கோயில்களின் அருகிலும் வயல்வெளிகளிலும் சிலைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. கரந்தையில் அவ்வாறு கிடந்த பிரமன் சிலை ஒன்றை வெளியூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது ஊரார் எதிர்த்தனர் என்றும், கலைக்கூடம் என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது என்றும் கூறப்படுவதுண்டு. அப்போது தஞ்சையில் பணியாற்றிய தொண்டைமான் சிலைகளைத் தேடித் திரட்டும் பொறுப்பை ஏற்றார். அவற்றுக்குத் தஞ்சை அரண்மனை வளாகம் இடமாயிற்று.

தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த பெருமானின் கற்சிலையும், திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர், தேவியார் செப்புத் திருமேனிகளும் இக்கூடத்தின் புகழ்பெற்ற செல்வங்கள். இச்செப்புத் திருமேனிகளின் காலம் கல்வெட்டுகளால் முறையே 1011, 1012 எனக் கணிக்கப்படுகிறது.

கோயிலை விட்டுப் பிரிந்த சிலை தன் பொருளில் பாதியை இழந்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. சிலையை அதன் ஊரிலேயே சென்று காண வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் அலைந்தவரே அதைப் பெயர்த்து வர நேர்ந்தது என்பதும் முரண்தான். ஆனால் அன்று பல சிலைகளுக்குக் கலைக்கூடம் அல்லது அழிவு என்ற இரண்டு வழிகளே இருந்தன.

வேங்கடம் முதல் குமரி வரை

'கல்கி' வார இதழில் தொடராக வந்து நூல்களான இவ்வரிசையின் தலைப்பு, தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் கூறும் தமிழக எல்லைகளைத் தழுவியது. தல யாத்திரை நூல்கள் பொதுவாகச் சைவரின் பாடல் பெற்ற தலங்கள் அல்லது வைணவரின் 108 திருப்பதிகள் என்ற வரிசையைப் பின்பற்றும். தொண்டைமானோ நிலத்தின் வழியே சென்றார். 'பாலாற்றின் மருங்கிலே', 'பொருநைத் துறையிலே' என்ற பகுதித் தலைப்புகளே இதைக் காட்டும். ஓர் ஆற்றைத் தொடர்ந்து நடப்பவருக்குச் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து வருவது இயல்பு. தமிழகத்துக்கு வடக்கே உள்ள தலங்கள் 'வேங்கடத்துக்கு அப்பால்' என்ற பகுதியில் இடம்பெற்றன.

கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு கதையுடன் தொடங்கும். பிறகு ஊருக்குச் செல்லும் வழி, கோயிலின் அமைப்பு, தல வரலாறு, பாசுரங்கள், கல்வெட்டுச் செய்திகள் என விரியும். வாசகரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் நடை இது. ஆனால் தொண்டைமான் ரசிகர், கல்வெட்டறிஞர் அல்லர். புராணமும் வரலாறும் அருகருகே வருவதால், காலக்கணிப்புக்காக இந்நூல்களைப் பயன்படுத்தும் மாணவர்கள் கல்வெட்டுத் தொகுதிகளோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. வழிக்குறிப்புகளும் அக்காலத்துக்கு உரியவை.

பொருநை நாடு

இவ்வரிசையில் தாமிரபரணிப் பகுதி தனிச்சுவை உடையது. சொந்த ஊரைப் பற்றிய எழுத்து அல்லவா! மதுரைச் சாலை தச்சநல்லூர் வழியாகத் திருநெல்வேலிக்குள் நுழைகிறது. அங்கிருந்து பொதிகை அடிவாரம் வரை மேற்கேயும், கடற்கரை வரை கிழக்கேயும் சிறிது தொலைவுக்கு ஒரு கோயில் வீதம் அமைந்துள்ளது. நடராசரின் ஐந்து சபைகளுள் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலிலும் சித்திர சபை குற்றாலத்திலும் உள்ளன. ஆற்றின் இரு மருங்கிலும், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி உள்ளிட்ட ஒன்பது திருப்பதிகள் நம்மாழ்வாரால் பாடப்பட்டவை.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் பற்றியும் இவர் எழுதினார். நாயக்கர் காலத்து வேங்கடாசலபதி கோயில் அது. குறவன், குறத்தி, வீரபத்திரர், இரதி முதலிய ஆளுயரச் சிற்பங்கள் ஒற்றைக் கல்லில் தூணோடு தூணாகச் செதுக்கப்பட்டுள்ளன. பேருந்து நிற்கும் நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய இடமன்று.

பிற பணிகள்

கம்பன் விழா மேடைகளிலும் பட்டிமண்டபங்களிலும் தொண்டைமான் புகழ்பெற்ற பேச்சாளர். 'இந்தியக் கலைச் செல்வம்', 'கல்லும் சொல்லாதோ கவி', 'ஆறுமுகமான பொருள்', 'கம்பன் சுயசரிதம்', தம் ஆசானைப் பற்றிய 'ரசிகமணி டி. கே. சி.' ஆகியன இவருடைய பிற நூல்களுள் சில. இவருடைய நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன.