ஆறே புள்ளி

லூயி பிரெயில் 1809-இல் பிரான்ஸின் கூவ்ரே கிராமத்தில் பிறந்தார். மூணு வயசில் அப்பாவின் தோல் பட்டறையில் குத்தூசி ஒரு கண்ணில் பட்டது. சீழ் பரவி இரண்டு கண்ணும் போச்சு.

பத்து வயசில் பாரிஸின் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே இருந்தது புடைப்பெழுத்துப் புத்தகங்கள். கண்ணுக்கான எழுத்தையே மேடாக்கி அச்சடிச்சது. தடவிப் படிக்கவே நேரமாகும். பார்பியேவின் பன்னிரண்டு புள்ளி முறை வந்தது. அதில் ஒரு குறி விரல்நுனிக்குள் அடங்கலை. பிரெயில் அதை ஆறு புள்ளியாக்கினார், 63 குறிகள். அப்போ 1824, அவருக்கு வயசு 15.

பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார். இடையில் வந்த இயக்குநர் இந்த எழுத்துக்குத் தடை போட்டார். மாணவர்கள் விடலை, ஒளிச்சு வெச்சு எழுதினாங்க.

1852-இல் காசநோயில் இறந்தார். அதிகாரபூர்வ ஏற்பு வந்தது 1854-இல்.

கருவி செய்யப்போற நாம, முதல்ல கேட்கவேண்டியது அதைத் தொடப்போற விரலைத்தான்.