எதிரணிக்குக் கை கொடுத்தார்... சொந்தக் கட்சி கை கழுவியது!

வெண்டல் வில்கி... நம்மில் பலர் கேள்விப்படாத பெயர். இண்டியானாவில் பிறந்த வக்கீல், மின்சார கம்பெனித் தலைவர். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர்.

அப்போ பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்திருந்தது. பிரிட்டன் திணறிக்கொண்டிருந்தது. இளைஞர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்கும் மசோதா வந்தது. எதிர்த்துப் பேசினாலே ஓட்டை அள்ளலாம். ஆனா, வில்கி ஆதரித்தார். அதுக்காக அவர் புனிதர்னு நினைக்க வேண்டாம். பிரசாரத்தின் கடைசி வாரங்களில், ரூஸ்வெல்ட் ஜெயிச்சா போர்தான்னு பயமுறுத்தவும் செய்தார். அப்படியும் 48 மாநிலங்களில் 10-தான் கிடைத்தன.

சுவாரஸ்யமே அதுக்கப்புறம்தான். 1941 ஜனவரியில், ஜெயித்த ரூஸ்வெல்ட் கொடுத்த கடிதத்தோடு லண்டன் போய் சர்ச்சிலைச் சந்தித்தார். குண்டுவீச்சில் சிதைந்த நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, பிரிட்டனுக்கு ஆயுதம் தரும் லெண்ட்-லீஸ் மசோதாவுக்காக செனட் குழு முன் வாதாடினார். பிரசாரத்தில் வேற மாதிரி பேசினீங்களேன்னு அவர் கட்சி செனட்டரே மடக்க, அதெல்லாம் தேர்தல் நேரத்துப் பேச்சு என்று ஒப்புக்கொண்டார். எந்த அரசியல்வாதி இப்படிச் சொல்வார்!

கட்சி மாறலை. அதே ஆகஸ்ட்டில், ராணுவத்தில் சேர்க்கப்பட்டவர்களின் பணிக்காலத்தை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203-202 என நூலிழையில் தப்பியது. குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலானோர் எதிர்த்தே ஓட்டு போட்டார்கள். நாலே மாதத்தில் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது ஜப்பான்.

1944-ல் மறுபடி வேட்பாளராக முயன்றார் வில்கி. விஸ்கான்சின் முதல்கட்டத் தேர்தலில் கட்சிக்காரர்கள் அவருக்கு ஒரு பிரதிநிதியைக்கூடத் தரலை. போட்டியிலிருந்து விலகினார். அந்த அக்டோபரிலேயே இறந்தும்போனார். வயசு 52.