முத்துலட்சுமி அம்மாவும் எங்கள் தீர்மானப் புத்தகமும்



மலருக்கு ஒரு தலைவரோட வாழ்க்கையை எழுதிக் கொடுங்கன்னு கூட்டமைப்பில் கேட்டாங்க. நான் எட்டாவதோட நின்னவ. வயசுக்கு வந்த கையோட பள்ளிக்கூடப் பையை ஆணியில மாட்டிட்டாங்க. குழுவில் சேர்ந்த பிறகுதான் ரொக்கப் புத்தகமும் பேரேடும் எழுதி, எழுத்து மறுபடி கைக்கு வந்தது. அதனால தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

நான் எழுதப் போறவரோட பேர் உங்க எல்லாருக்கும் தெரியும். வீட்டில் பொண்ணோ மருமகளோ மாசமா இருந்தா, நர்ஸம்மாகிட்ட பதிஞ்சு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி வாங்குறோமே, அந்தத் திட்டத்தின் முழுப் பேர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். எத்தனை படிவம் நானே எழுதிக் கொடுத்திருப்பேன்! ஆனா அந்த அம்மா யாருன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. போன வருஷம் என் மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், நல்லாப் படிச்சவர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த சமூகத்தில் வந்தவர். பொட்டுக்கட்டின பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. ஆட்டமும் பாட்டும் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் ஊர் மதிப்பு கொடுக்காது. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு, பெண் என்று ஒரு பூட்டு, அம்மாவின் பிறப்பு என்று இன்னொரு பூட்டு.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனார். பெரிய மனுஷி ஆனதும் நிறுத்திவிட்டார்கள். இந்த இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடிவச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அவருக்கும் நடந்தது ஒண்ணுதான். ஆனால் அங்கே அப்பா விடவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். காலாகாலத்தில் கல்யாணம் முடிக்கணும் என்று அம்மாவுக்குக் கவலை. அதுவும் நியாயமான பயம்தான். ஆனால் மகள் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதித் தேறிவிட்டார்.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது மகாராஜா கல்லூரி ஒன்றுதான், அதுவும் ஆண்கள் படிக்கிற இடம். ஒரு பெண்ணை, அதுவும் அந்த அம்மாவின் மகளைச் சேர்த்தால் மற்ற பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. கடைசியில் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் சேர்த்துக்கொள்ள உத்தரவு போட்டார். வகுப்பில் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து படித்தார். அவருக்குப் புத்தி போதாது என்று யாரும் சொல்லவில்லை. படிக்க வேண்டியவர்களின் கணக்கில் அவரைச் சேர்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார். அறுவை சிகிச்சைப் பாடத்தில் பேர் வாங்கினார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் சம்மதித்தார். நூறு வருஷத்துக்கு முன்னாடி இப்படிக் கேட்க எவ்வளவு தைரியம் வேணும், பாருங்க.

1926-ல் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அங்கே நுழைந்த முதல் பெண் அவர்தான். மன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆனார். பெண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் கல்யாணம் செய்யக்கூடாது என்று பேசினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். நம்ம பக்கத்து மைசூர் சமஸ்தானம் 1909-லேயே அரசுக் கோயில்களில் அந்த வழக்கத்தை நிறுத்தியிருந்தது. சென்னையில் சுலபமாக நடக்கவில்லை. பெரிய தலைவர்கள் சிலரே எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்களும், தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று எதிர்த்தார்கள். அதையும் சொல்லத்தான் வேணும். சட்டம் நிறைவேற 1947 வரை ஆனது.

இதற்கு நடுவில் நடந்த ஒரு சம்பவம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 1930 வாக்கில், பொட்டுக்கட்டும் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த மூன்று பெண்கள் ராத்திரியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைத் தங்கவைத்துப் படிக்கவைக்க மாணவியர் விடுதிகளில் இடம் கேட்டார். விடுதிகள் மறுத்துவிட்டன. விடுதி நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. படிப்புக்காகத்தான் விடுதியே நடத்தினார்கள். ஆனால் அவர்கள் போட்டிருந்த வட்டத்துக்குள் இந்தப் பெண்கள் வரவில்லை. முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். இன்றைக்கும் சென்னை அடையாறில் இருக்கிறது.

இப்போ என் கதைக்கு வரேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

சில வருஷம் முன்னாடி எங்க குழுவில் காலனிப் பக்கத்து அக்கா ஒருத்தங்க, மகளை நர்ஸிங் படிப்பில் சேர்க்க 30,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. பொண்ணு பன்னிரண்டாவதில் நல்ல மார்க். நான்தான் முதல்ல வாயைத் திறந்தேன். படிப்புக்குக் கொடுத்தா வருமானம் எப்போ வரும், தவணை எப்படிக் கட்டுவீங்க, ரோட்டு மேலயே இத்தனை கம்பெனி இருக்கு, வேன் வீட்டுக்கே வருது, வேலைக்கு அனுப்புங்களேன் என்று சொன்னேன். மற்றவங்களும் தலையாட்டினாங்க. அதே மாசம் இன்னொரு வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு 40,000 ரூபாய் கொடுத்தோம். அதுக்கு வருமானம் எங்கேன்னு யாரும் கேட்கலை. ரெண்டு தீர்மானமும் ஒரே பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கு.

அந்த அக்கா ஒரு வார்த்தையும் பேசலை. சந்தாவைக் கட்டிட்டு எழுந்து போயிட்டாங்க. பொண்ணு கம்பெனிக்குப் போச்சு. அடுத்த வருஷமே கல்யாணம்.

என் பொண்ணுக்குக் கேட்டிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா? விடுதிக்காரங்களைப் பற்றிப் படிச்சப்போ, அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்னு புரிஞ்சது. சாதியைப் பார்த்து மறுக்கலைன்னுதான் அன்னைக்கு நினைச்சேன். விதியைக் காட்டித்தான் மறுத்தேன். ஆனா விதி அவங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் வந்தது.

முத்துலட்சுமி அம்மாவின் தங்கை புற்றுநோயில் இறந்தார். நோய் என்னவென்று சரியாகத் தெரியாமலே பாடுபட்டார். அந்த வலியை மனசில் வச்சே பல வருஷம் உழைத்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். நம்ம பக்கத்திலிருந்தும் எத்தனையோ பேர் அங்கே போய் வந்திருக்காங்க. 1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ல் காலமானார்.

இன்னொரு பேரும் சொல்லணும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படிச்ச பொண்ணு கல்லூரிக்குப் போனா மாசம் 1,000 ரூபாய் வருதே, புதுமைப் பெண் திட்டம், அது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் இருக்கு. அவரும் பொட்டுக்கட்டும் வழக்கத்தில் சிக்கி மீண்டு, அதை எதிர்த்துப் போராடினவர்தான். முன்னாடி அவர் பேரில் கல்யாணத்துக்குத்தான் உதவி கொடுத்தாங்க, தாலிக்குத் தங்கமும் உண்டு. 2022-ல் அதையே படிப்புக்கு மாத்தினாங்க. ஊர் ஒதுக்கி வச்ச வீட்டுப் பெண்கள் ரெண்டு பேரோட பேர்தான் இன்னைக்கு நம்ம பிள்ளைகளோட பேறுகாலத்துக்கும் படிப்புக்கும் துணை.

1989-ல் தமிழ்நாட்டில் மகளிர் குழு முதல்ல தொடங்கினது நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போ கிருஷ்ணகிரியும் அதில் சேர்ந்தது. வீட்டுக்குள் தெலுங்கு பேசுறவங்க, கன்னடம் பேசுறவங்க, தமிழ் பேசுறவங்க, ஊர்க்காரங்க, காலனிக்காரங்க எல்லாரும் ஒரே பாயில் உட்காரப் பழகினது குழுவால்தான். பாய் ஒண்ணாச்சு. கடன் கொடுக்கிற மனசும் ஒண்ணாகணும்.

புத்தகத்தைப் படிச்சு முடிச்சதும் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவங்க டீ போட்டுக் கொடுத்தாங்க, அதைப் பற்றி ஒண்ணும் சொல்லலை. அடுத்த கூட்டத்தில், படிப்புக்குக் கேட்கிற உள்கடனை முதல் வரிசையில் வைக்கணும், படிப்பு முடியும்வரை வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ரெண்டு பேர் ஒத்துக்கலை. ஒரு மணி நேரம் பேசித்தான் நிறைவேறியது.

அந்தப் பெண்ணோட படிப்பை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனா அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கா, இப்போ பத்தாவது. இன்னும் ரெண்டு வருஷத்தில் அவங்கம்மா மறுபடியும் குழுவில் கேட்கணும். கேட்கிற தைரியம் அவங்களுக்கு வரணும்னா, அதுக்குள்ள நாங்க எப்படி நடந்துக்கிறோம் என்பதில்தான் இருக்கு.

உங்க குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. யாருக்குக் கொடுத்தோம்னு மட்டும் பார்க்காதீங்க. யார் கேட்டு, இல்லைன்னு சொன்னோம்னும் பாருங்க.