உச்சிக்கோட்டில் காத்திருந்தவர்

கடந்த ஜனவரியில் ஆயர் ஈத்தாமில், வீட்டு முற்றத்தில் ஓரியன் நெபுலாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். இரவு 11 மணி தாண்டியிருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். பகுதிநேர வேலை செய்து வாங்கிய கேமரா, முக்காலியின் காலில் மோதி நின்றது.

தவறு என்னுடையதுதான். தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் கற்பனைக் கோடுதான் மெரிடியன், உச்சிக்கோடு. நட்சத்திரம் அதைக் கடந்ததும், மோட்டார் தாங்கி தொலைநோக்கியை மறுபக்கம் திருப்பிவிட வேண்டும். இதற்கு மெரிடியன் ஃபிளிப் என்று பெயர். கடந்து 5 நிமிடத்தில் திரும்பும்படி வைத்திருந்தேன். ஆனால், மென்பொருளில் கோலாலம்பூரின் நெடுங்கோடு, ஏறக்குறைய 101.7 பாகை, அப்படியே கிடந்தது. எங்கள் ஊர் 103.2 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆக, 6 நிமிடத் தாமதம்.

இந்தக் கோட்டிலேயே வாழ்நாளைக் கழித்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். 1792-இல் கட்டப்பட்ட சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, நார்மன் போக்சனின் கீழ் முதல் உதவியாளராக உயர்ந்தார். 1862 முதல் அங்கே பயன்பட்ட மெரிடியன் வட்டம் என்ற தொலைநோக்கி, உச்சிக்கோட்டை விட்டு நகரவே நகராது. மேலும் கீழும் மட்டும்தான் சாயும். நட்சத்திரத்தைத் துரத்த முடியாது. அது கோட்டுக்கு வரும்வரை காத்திருந்து, கடக்கும் நொடியைக் கடிகாரத்தில் குறிக்க வேண்டும். இரவுக்கு இரவு, ஆண்டுக்கு ஆண்டு அதே வேலை. (என் கேமரா 11 நிமிடம்கூடப் பொறுக்கவில்லை!) இந்தப் பணியில் 5,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்கள் பதிவாயின. முழு அட்டவணை அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை.

1867-இல், ஒரு நட்சத்திரத்தின் ஒளி மாறுவதை அவர் கண்டார். அதுதான் ஆர் ரெட்டிகுலி. சுமார் 278 நாள்களுக்கு ஒருமுறை பிரகாசமாகி மீண்டும் மங்கும். 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தை ஹைதராபாத் பகுதியின் வனபர்த்தியிலும், 1871-இல் அடுத்ததை அவினாசியிலும் ஆராய்ந்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. வானத்தில் காண்பதோடு பஞ்சாங்கக் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். பழைய கணக்கைப் பற்றியிருந்தவர்களின் எதிர்ப்பையும் சந்தித்தார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, அது ஏன் நிகழ்கிறது என்பதை உரையாடல் வடிவில் சிறு நூலாக எழுதினார். ஆங்கிலத்தில் மட்டும் அல்ல, இந்திய மொழிகளிலும் அது வெளிவரச் செய்தார். இந்தியர்களே நடத்தும் ஒரு வானாய்வகம் வேண்டும் என்றும் கேட்டார். அது கிடைக்கும் முன்பே, 1880-இல் காலமானார்.

நெடுங்கோட்டைத் திருத்திவிட்டேன். ஆர் ரெட்டிகுலி சென்னையில் 14 பாகை உயரம்தான் ஏறும். இங்கே 25 பாகை; ஜனவரி நடுவில் இரவு 10 மணியளவில், செம்பனை மரங்களுக்கு மேலே. இன்னும் நான் பார்க்கவில்லை. மழை விட்டபாடில்லை.