கதவைத் திறந்து வைத்த டாக்டர்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நம்மில் பலருக்குத் தெரியும். அதை உருவாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் சொந்த வீட்டையே அடைக்கலமாக்கியவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் போராடி இடம் பெற்றார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அப்போது இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் திருமண வாழ்க்கை கிடையாது. பணம் படைத்தவர்களை அண்டியே பிழைக்க வேண்டும். அதற்கு முடிவு கட்ட, சென்னை சட்டசபையின் துணைத் தலைவராக இருந்தபோது முத்துலட்சுமி பாடுபட்டார். கடும் எதிர்ப்பு எழுந்தது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியையும் துறந்தார்.

அந்தச் சமயத்தில் பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த மூன்று சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் கேட்டுப் பார்த்தார், சேர்க்க மறுத்தார்கள். தன் வீட்டிலேயே தங்க வைத்துவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். பிறகு அது அடையாறுக்கு மாறியது. ஆதரவற்ற பெண் குழந்தைகள் பலர் அங்கே தங்கிப் படித்து ஆளானார்கள்.

சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில், அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த நம் ஓசூருக்கும் அது பொருந்தியது. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகம் இதே நோக்கத்தோடு 1982-ல் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வரும்வரை அந்தச் சிறுமிகள் தெருவில் நிற்க முடியுமா? வீடுதான் முதலில் திறந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் புற்றுநோய் மருத்துவமனைக்காக உழைத்தார். அது 1954-ல் செயல்படத் தொடங்கியது. 1956-ல் பத்மபூஷண் பெற்றார். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. சிப்காட் வேலைக்கு வெளியூரிலிருந்து வரும் பெண்கள் நம் குடியிருப்பிலும் வாடகைக்கு வீடு கேட்கிறார்கள். குடும்பமாக வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்புகிறோம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.